“ம்ம்... அப்புறம்?” – பேச்சு ஒரு மனசை மாற்றுவது எப்படி

“கவுன்சலிங்னா என்ன பெருசா? உட்கார வச்சுப் பேசுவாங்க. அதுக்கு என் ஃப்ரெண்டே போதுமே.”

பொத்தேரி மாதிரி, ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டி மாணவர்கள் நெருக்கியடித்து வாழ்கிற ஊரில், இந்த வாக்கியத்தை டீக்கடை பெஞ்சிலேயே கேட்கலாம். சொல்பவர் பாதி சரிதான். மருந்து கொடுக்கும் மனநல மருத்துவரை விட்டுவிட்டால், உளநல ஆலோசகரிடம் இருக்கும் கருவி பேச்சு மட்டுமே. ஊசி இல்லை, ஸ்கேன் இல்லை. ஆனால் அவர் எதைச் சொல்கிறார் என்பதைவிட, வந்தவர் எதைச் சொன்ன பிறகு அதைச் சொல்கிறார் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. கடந்த எழுபது வருடமாக ஆய்வாளர்கள் இதைப் பதிவு செய்து, எண்ணி, அலசிப் பார்த்திருக்கிறார்கள். அதைப் பற்றிய குறிப்பு இது.

எந்த நம்பிக்கை?

முதலில் ஒரு சொல் விளக்கம். தமிழில் ‘நம்பிக்கை’ என்றால் நல்ல சொல். தன்னம்பிக்கை, கடவுள் நம்பிக்கை, நாளை விடியும் என்கிற நம்பிக்கை. இங்கே பேசுவது அது இல்லை. மனசில் தீர்ப்பு மாதிரி உறைந்துபோன ஒரு முடிவு. “எனக்கு எதுவுமே வராது.” “நான் எல்லாருக்கும் பாரம்.” “ஒருதடவை தோத்தா முடிஞ்சது.”

அமெரிக்க உளவியலாளர் ஆல்பர்ட் எல்லிஸ் 1950-களின் நடுவில், இந்த மாதிரி முடிவுகளை நேரடியாகக் கேள்வி கேட்கும் ஒரு சிகிச்சை முறையைத் தொடங்கினார். ஃபிலடெல்ஃபியாவில் மனநல மருத்துவராக இருந்த ஆரன் பெக், 1960-களில் மனச்சோர்வு உள்ளவர்களைக் கவனித்தபோது, அவர்கள் மனசில் ஒரே மாதிரியான எண்ணங்கள் தானாக ஓடுவதைக் கண்டார்: என்னைப் பற்றி மோசமாக, உலகத்தைப் பற்றி மோசமாக, எதிர்காலத்தைப் பற்றி மோசமாக. இன்று சி.பி.டி. என்று எல்லோரும் சொல்கிற சிகிச்சை அங்கிருந்து வளர்ந்தது.

ஒரு கற்பனை மாணவரை எடுத்துக்கொள்வோம். மூன்றாம் வருடம், இரண்டு அரியர். அவர் மனசில் இருக்கும் தீர்ப்பு: “அரியர் வச்சவன் உருப்படவே மாட்டான். நான் வீட்டுக்குப் பாரம்.” இதில் சிக்கல், தீர்ப்பு தவறாக இருக்கலாம் என்பது மட்டும் இல்லை. அந்தத் தீர்ப்பு அவரை என்ன செய்ய வைக்கிறது என்பதுதான். வகுப்புக்குப் போவதில்லை. அப்பாவின் போனை எடுப்பதில்லை, எடுத்தாலும் உடனே வைத்துவிடுகிறார். அடுத்த தேர்வுக்குப் பணம் கட்டும் கடைசி நாள் தவறுகிறது. மூன்றாவது அரியர் வருகிறது. “பாத்தியா, நான் அப்பவே சொன்னேன்ல?” என்று தீர்ப்பு தனக்குத்தானே சாட்சி சொல்கிறது.

சமாதானம் ஏன் எடுபடுவதில்லை?

இவரிடம் நம்மில் பெரும்பாலோர் என்ன சொல்வோம்? “அட, அரியர் யாருக்குத்தான் இல்ல? அதெல்லாம் ஒண்ணுமே இல்லப்பா. தைரியமா இரு.” அன்பில் சொல்வதுதான். ஆனால் உடனே வரும் பதிலைக் கவனியுங்கள்: “இல்லண்ணா, உங்களுக்குத் தெரியாது. என் நிலைமை வேற.”

அவ்வளவுதான். பேச்சு விவாத மேடை ஆகிவிட்டது. நாம் நம்பிக்கையின் பக்கம் பேசப் பேச, அவர் அவநம்பிக்கையின் பக்கம் நின்று ஒவ்வொரு பாயிண்ட்டாக எடுத்து வைக்கிறார். தன் தீர்ப்புக்குத் தானே வக்கீல் ஆகிறார். இன்னும் பத்து நிமிஷம் இப்படிப் போனால், வந்தபோது இருந்ததைவிடத் தீர்ப்பு கெட்டியாகியிருக்கும்.

இது வெறும் அனுபவ ஊகம் இல்லை. அமெரிக்காவின் ஒரேகானில் ஜெரால்ட் பேட்டர்சன், மரியன் ஃபோர்காட்ச் இருவரும் 1985-இல் வெளியிட்ட ஆய்வில், பெற்றோருக்குப் பயிற்சி கொடுக்கும் ஆலோசகர்களை ஒரே அமர்வுக்குள்ளேயே மாற்றி மாற்றிப் பேச வைத்தார்கள். கொஞ்ச நேரம் பாடம் எடுப்பது, எதிர்த்துச் சுட்டிக்காட்டுவது. பிறகு கொஞ்ச நேரம் அதை நிறுத்துவது. பாடம் எடுக்கும்போது எதிர்ப்பு ஏறியது, நிறுத்தினால் இறங்கியது. நம்மால் ‘பிடிவாதம்’ என்று அழைக்கப்படுவதில் ஒரு பங்கு எதிரில் இருப்பவரின் பேச்சில் இருக்கிறது என்று பொருள்.

குடிப்பழக்கத்திலும் இதையே பார்த்தார்கள். வில்லியம் மில்லரும் உடனிருந்தவர்களும் 1993-இல் வெளியிட்ட ஆய்வில், ஆலோசகர் எவ்வளவு அதிகமாக மோதிப் பேசினாரோ, அவ்வளவு அதிகமாக ஒரு வருடம் கழித்தும் அந்த நபர் குடித்துக்கொண்டிருந்தார். மில்லரும் ஸ்டீபன் ரோல்னிக்கும் சேர்ந்து வளர்த்த ஊக்க நேர்காணல் முறையின் மையம் இதுதான்: மாறுவதற்கான காரணத்தை ஆலோசகர் சொல்லக்கூடாது, வந்தவர் வாயிலிருந்து வர வேண்டும். மனுஷன் தன் வாயால் சொன்னதைத்தான் நம்பத் தொடங்குகிறான்.

அப்படியானால் கேள்வி இப்படி மாறுகிறது: வந்தவர் வாயிலிருந்து வேறொரு வாக்கியம் வர, ஆலோசகர் என்ன செய்கிறார்?

‘ம்ம்’ என்பதன் எடை

1955-இல் ஜோயல் கிரீன்ஸ்பூன் ஒரு விசித்திரமான சோதனையை வெளியிட்டார். ஆட்களை உட்கார வைத்து, மனசில் வரும் சொற்களை எல்லாம் சொல்லிக்கொண்டே போகச் சொன்னார். பன்மைச் சொல் வரும்போது மட்டும் ஆய்வாளர் “ம்ம்” என்றார். சொல்பவர்களுக்கு எதற்கு அந்த ‘ம்ம்’ என்று தெரியாது. ஆனாலும் பன்மைச் சொற்கள் கூடின. வெறும் ஒரு முனகல் ஒருவர் பேச்சின் திசையைத் திருப்பியது.

இது கார்ல் ராஜர்ஸ் மாதிரியானவர்களுக்குச் சங்கடமான செய்தி. ஆலோசகர் எந்த நிபந்தனையும் இல்லாமல் வந்தவரை ஏற்க வேண்டும், திசை காட்டக் கூடாது என்பது ராஜர்ஸின் கொள்கை. அவரோடு வேலை செய்த சார்லஸ் ட்ரூவாக்ஸ், ராஜர்ஸ் நடத்திய, நல்ல பலன் கிடைத்த ஒரு நீண்ட சிகிச்சையின் ஒலிப்பதிவுகளை எடுத்து அலசி 1966-இல் வெளியிட்டார். ராஜர்ஸின் கனிவும் புரிதலும் எல்லாப் பேச்சுக்கும் சமமாகக் கிடைக்கவில்லை. சில வகைப் பேச்சுக்குக் கூடுதலாகக் கிடைத்தது. அப்படிக் கிடைத்த வகைகள் பெரும்பாலும் காலப்போக்கில் கூடின. திசை காட்ட மாட்டேன் என்று உண்மையாகவே நினைத்தவரும் திசை காட்டிக்கொண்டுதான் இருந்தார்.

மாட்ரிட் தன்னாட்சிப் பல்கலைக்கழகத்தில் மரியா ஃப்ரோகான் பார்காவின் குழு இதே வேலையை இன்னும் நுணுக்கமாகச் செய்தது. சிகிச்சை அமர்வுகளின் வீடியோவை வாக்கியம் வாக்கியமாகப் பிரித்து, ஒவ்வொன்றும் என்ன வேலை செய்கிறது என்று குறித்தார்கள். 2013-இல் வெளியான அவர்களுடைய ஆய்வு, கேள்வி கேட்டுக் கேட்டே நம்பிக்கையைச் சோதிக்கும் சாக்ரடீஸ் பாணிப் பேச்சை எடுத்துக்கொண்டது. வந்தவர் சொன்னது சிகிச்சையின் இலக்கை நோக்கி நெருங்கினால், ஆலோசகரிடமிருந்து ஒப்புதல் வருகிறது. விலகினால் ஒப்புதல் வருவதில்லை, சில சமயம் மறுப்பே வருகிறது. குயவர் பானையை வனைவது மாதிரி, ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் அழுத்தம், கொஞ்சம் விடுதல். வெளியிலிருந்து பார்த்தால் அறிவார்ந்த உரையாடல். உள்ளே நடப்பது மெல்ல மெல்ல வனைதல்.

ஒரு சின்ன உரையாடல்

சொல்லிக்கொண்டே போவதைவிடக் காட்டிவிடலாம். கீழே இருப்பது விளக்கத்துக்காக நான் எழுதியது. யாருடைய அமர்வும் இல்லை. நம் அரியர் மாணவரும் ஓர் ஆலோசகரும்.

“வீட்டுக்குப் பாரம்னு சொன்னீங்க. அது எப்ப ரொம்பத் தோணுது?”

“எப்பவுமேதான் சார்.”

(ஆலோசகர் பேசாமல் இருக்கிறார்.)

“...அப்பா போன் பண்ணும்போது. ‘சாப்டியா’ன்னு கேப்பாரு. அதுக்கே ஒரு மாதிரி ஆயிடும்.”

“சாப்டியான்னு கேக்குறப்போ.”

“ஆமா. அடுத்து ‘ரிசல்ட் என்னாச்சு’ன்னு வரும்ல.”

“வருமா?”

“...போன தடவை கேக்கல. அதுக்கு முன்னாடியும் கேக்கல. ஆனா மனசுல நினைச்சிருப்பாரு.”

“ம்ம். கேக்கல. நினைச்சிருப்பாருன்னு உங்களுக்குத் தோணுது.”

“தெரியல சார். நான் உடனே ‘கிளாஸ் இருக்கு’ன்னு வச்சிடுவேன்.”

“வைக்காம இருந்திருந்தா என்ன சொல்லியிருப்பாரு?”

“அது... தெரியாது. நான் கேட்டதே இல்ல.”

“முக்கியமான விஷயம் சொன்னீங்க. அவர் என்ன நினைக்கிறாருன்னு தெரியாது, கேட்டதும் இல்ல. இப்ப அந்த ‘பாரம்’ங்கிறதை எப்படிப் பாக்குறீங்க?”

ஆலோசகர் ஒரு இடத்தில்கூட “நீங்க பாரம் இல்ல” என்று சொல்லவில்லை. ஆனால் என்னென்ன நடந்திருக்கிறது பாருங்கள்.

‘எப்பவுமே’ என்ற பதிலுக்கு அவர் மௌனமாக இருந்தார். அந்த மௌனம், ‘எப்பவுமே’யை உடைத்து ‘அப்பா போன் பண்ணும்போது’ என்ற ஒரு குறிப்பிட்ட நேரத்துக்கு இறக்கியது. பிறகு அவர் சொன்னதையே திருப்பிச் சொன்னார். அது ‘தொடருங்க’ என்பதற்கான சமிக்ஞை. “வருமா?” என்ற ஒற்றைச் சொல் கேள்வி, மாணவரைத் தன் நினைவில் போய்ச் சாட்சி தேட வைத்தது. “தெரியாது, கேட்டதே இல்ல” என்று வந்தபோதுதான் முதல்முறையாக ஒரு தெளிவான பாராட்டு. கவனியுங்கள், பாராட்டு ‘நான் நல்லவன்’ என்ற வாக்கியத்துக்கு இல்லை. ‘எனக்குத் தெரியாது’ என்ற வாக்கியத்துக்கு. உறைந்த தீர்ப்பு உருகுகிற முதல் இடம் அது. கடைசியில் எல்லாவற்றையும் சுருக்கி, முடிவை அவர் கையிலேயே கொடுத்துவிட்டார்.

இதற்கு அடுத்த படி அறைக்கு வெளியே நடக்க வேண்டும். “இந்த வாரம் அப்பா கூப்பிட்டா இன்னும் ரெண்டு நிமிஷம் வைக்காம இருந்து பாக்கலாமா?” அப்பா திட்டவும் செய்யலாம். திட்டினால் அதுவும் ஒரு தகவல்தான். அடுத்த வாரம் அதைப் பேசலாம். அறைக்குள் பேசியது வெளியே உரசிப் பார்க்கப்படாவிட்டால் சீக்கிரம் ஆவியாகிவிடும்.

இந்தக் கேள்வி பாணிக்கு ஆதாரமும் இருக்கிறது. மனச்சோர்வுக்குச் சி.பி.டி. பெற்ற 55 பேரின் அமர்வுகளை ஆராய்ந்து ஜஸ்டின் பிரவுனும் உடனிருந்தவர்களும் 2015-இல் வெளியிட்ட ஆய்வில், சாக்ரடீஸ் பாணிக் கேள்விகள் அதிகம் இருந்த அமர்வுக்குப் பிறகு, அடுத்த அமர்வுக்குள் மனச்சோர்வின் அறிகுறிகள் அதிகம் குறைந்திருந்தன. அதற்காகக் கேள்வி கேட்டாலே குணம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. கிறிஸ்டீன் படெஸ்கி 1993-இல் லண்டனில் ஆற்றிய உரையில் ஒரு முக்கியமான கோட்டைப் போட்டார்: ஒருவர் மனசை மாற்றுவதற்காகக் கேட்பது வேறு, சேர்ந்து தேடுவதற்காகக் கேட்பது வேறு. பதிலை முன்பே பையில் வைத்துக்கொண்டு கேட்டால், அது கேள்விக்குறி போட்ட அறிவுரை.

தமிழில் பேசும்போது

இந்த ஆய்வுகள் பெரும்பாலும் ஆங்கிலத்திலும் ஸ்பானிய மொழியிலும் நடந்தவை. தமிழில் உட்கார்ந்து பேசும்போது கவனிக்க வேண்டியவை வேறு. எனக்குப் படுவது நான்கு.

ஒன்று, ‘-உமே’. எதுவுமே, யாருமே, எப்பவுமே, எங்கயுமே. தமிழில் ஒரு விஷயத்தை மொத்தமாகச் சாத்திவிட இந்தச் சின்ன வால் போதும். மனச்சோர்வில் இருப்பவர் பேச்சில் இது அடிக்கடி வந்தால் காது அங்கே நிற்க வேண்டும். “யாருமேவா?” என்று மெதுவாகக் கேட்டால், பல நேரம் ஒரு பெயராவது வெளியே வரும்.

இரண்டு, ‘-னு’. “நான் உதவாக்கரை” என்பதை “நான் உதவாக்கரைன்னு தோணுது” என்று ஆக்க நமக்கு ஒன்றிரண்டு எழுத்துகள் போதும். முதல் வாக்கியத்தில் ஆளும் எண்ணமும் ஒன்று. இரண்டாவதில் எண்ணம் கொஞ்சம் தள்ளி நிற்கிறது, பார்க்க முடிகிறது. மேலே ஆலோசகர் செய்ததும் இதுதான்.

மூன்று, ‘ஏன்’. “ஏன் படிக்கல?” என்பது நம் வீடுகளிலும் பள்ளிகளிலும் கேள்வியாக இருந்ததே இல்லை, அது குற்றச்சாட்டு. அதற்குப் பதில் சாக்கு. “அன்னைக்கு என்ன நடந்துச்சு?” என்றால் கதை வரும். கதையில்தான் சாட்சிகள் இருக்கும்.

நான்கு, ‘தானே’. “அப்பா உன்மேல பாசமாத்தானே இருக்காரு?” இதற்கு ‘ஆமா’ தவிர வேறு பதிலுக்கு இடமே இல்லை. வந்தவர் ‘ஆமா சார்’ என்று சொல்லிவிட்டுத் தன் தீர்ப்பைப் பத்திரமாக எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போவார்.

நம்ம ஊர் ஆய்வுகள் சொல்வது

இங்கே ஒரு நியாயமான எதிர்க்கேள்வி உண்டு. நம் ஊரில் பெரியவரிடம் போவதே ஒரு வார்த்தை கேட்கத்தான். ‘நீங்க என்ன நினைக்கிறீங்க?’ என்று திருப்பிக் கேட்டுக்கொண்டே இருந்தால், இவருக்கு ஒன்றும் தெரியாது போல என்று எழுந்து போய்விடுவார்களே? மனநல மருத்துவர் ஜஸ்வந்த் சிங் நேகி 1973-லேயே இதை எழுதினார். மேற்கத்திய சிகிச்சையின் சமதள உறவைவிட, குரு–சிஷ்ய உறவு இந்தியர்களுக்குப் பொருத்தமான மாதிரியாக இருக்கலாம் என்பது அவர் வாதம். நடைமுறையில் ஆலோசகர்கள் ஒரு நடுவழி வைத்திருக்கிறார்கள்: “ஒரு விஷயம் சொல்லட்டுமா?” என்று அனுமதி கேட்டுச் சொல்வது, சொன்ன உடனே “இது உங்களுக்கு எப்படிப் படுது?” என்று திருப்பிக் கொடுப்பது. வார்த்தையும் கிடைத்தது, தீர்மானமும் அவரிடமே இருந்தது.

வேலூர் சி.எம்.சி.யில் கே.எஸ். ஜேக்கப் உள்ளிட்டோர் முதன்முறையாக மனச்சிதைவு வந்த 131 பேரிடம் ‘இது ஏன் வந்தது என்று நினைக்கிறீர்கள்’ என்று கேட்டு 2007-இல் வெளியிட்டார்கள். பெரும்பான்மையோர் தெய்வம், செய்வினை மாதிரியான காரணங்களைச் சொன்னார்கள். ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் ஒன்றுக்கு மேற்பட்ட விளக்கங்களை ஒரே நேரத்தில் வைத்திருந்தார்கள். நமக்கு இது ஆச்சரியமே இல்லை. காலையில் மாத்திரை, சாயங்காலம் தர்கா என்று எத்தனை வீட்டில் பார்த்திருப்போம். இதில் ஒரு பாடம் உண்டு. புது நம்பிக்கை வர, பழையதை இடித்துத்தான் ஆக வேண்டும் என்பதில்லை. “அதெல்லாம் மூடநம்பிக்கை” என்று தொடங்கினால் அவர்கள் அடுத்த முறை வரவே மாட்டார்கள். “அங்க போனதுல அவனுக்கு எப்படி இருந்துச்சு?” என்று தொடங்கினால், மாத்திரைக்கும் ஒரு இடம் கிடைக்கும்.

இந்தப் பேச்சுக்குப் பெரிய பட்டம் வேண்டுமா என்பதற்குக் கோவாவிலிருந்து ஒரு பதில் இருக்கிறது. சங்கத் என்ற அமைப்பு, மனநலத் துறையில் முன்அனுபவம் இல்லாத உள்ளூர் ஆட்களுக்கு, மேலே சொன்ன ஊக்க நேர்காணல் பாணியில் பயிற்சி கொடுத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில் உட்கார வைத்தது. அபாயமான அளவு குடித்த 377 ஆண்கள் கலந்துகொண்ட அந்த ஆய்வு 2017-இல் லான்செட் இதழில் வந்தது. மூன்று மாதம் கழித்து, ஆலோசனை பெற்றவர்களில் 36 சதவீதம் பேரும், பெறாதவர்களில் 26 சதவீதம் பேரும் அபாய அளவுக்குக் கீழே வந்திருந்தார்கள். பத்து சதவீதப் புள்ளி வித்தியாசம். அற்புதம் இல்லை. ஆனால் அதிகபட்சம் நான்கு அமர்வுப் பேச்சில் கிடைத்தது.

ஒரு எச்சரிக்கை

இவ்வளவு படித்த பிறகு ஒரு பயமும் வர வேண்டும். ஒரு ‘ம்ம்’மால் இன்னொருவர் பேச்சைத் திருப்ப முடியும் என்றால், தப்பான திசையிலும் திருப்ப முடியும்தானே?

முடியும். குறிப்பாக, நம்பிக்கை என்று நாம் பெயர் வைப்பது உண்மையாகவே இருக்கும்போது. கல்விக் கடன் வாங்கிய வீட்டில் “எங்களால இன்னொரு வருஷம் தாங்க முடியாது” என்பது சிதைந்த எண்ணம் இல்லை, கணக்கு. “என் சாதியைத் தெரிஞ்சதும் ரூம்மேட் பேசுறதை நிறுத்திட்டான்” என்பதற்கு “அப்படின்னு உங்களுக்குத் தோணுது” என்று பதில் சொன்னால், அது சிகிச்சை இல்லை, நடந்ததை மறுப்பது. அந்த இடத்தில் சரியான பதில் “அது நடந்திருக்கு, தப்பு” என்பதுதான். அதன் பிறகு வேண்டுமானால் “அதனால நான் மட்டமானவன்” என்ற அடுத்த வாக்கியத்தைச் சேர்ந்து பார்க்கலாம். நடந்தது வேறு, நடந்ததிலிருந்து தன்னைப் பற்றி எழுதிக்கொண்ட தீர்ப்பு வேறு. இரண்டையும் பிரிக்கத் தெரிவதுதான் பயிற்சி. நல்ல ஆலோசகரையும் வெறும் சாமர்த்தியசாலியையும் பிரிக்கும் இடமும் அதுதான்.

சரி, ஃப்ரெண்ட் போதுமா? நிறைய நாட்களுக்குப் போதும். சென்னையில் 1986 முதல் இயங்கும் சிநேகா தற்கொலைத் தடுப்பு மையத்தில் போன் எடுப்பவர்கள் தன்னார்வலர்கள்தான். அவர்கள் வேலை அறிவுரை சொல்வது இல்லை, கேட்பது. அதை நாமும் செய்யலாம். சமாதானம் சொல்ல வாய் துறுதுறுக்கும்போது கொஞ்சம் பொறுத்து, “ம்ம்... அப்புறம்?” என்று கேட்கலாம். ‘யாருமே’ வந்தால் காது நிற்கலாம்.

ஆனால் சாவைப் பற்றிப் பேசுகிறார், பல நாளாகத் தூங்கவில்லை, சாப்பிடவில்லை என்றால் அது நண்பர் தாங்கும் எடை இல்லை. “சாகணும்னு தோணுதா?” என்று நேராகவே கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. ஆமாம் என்றால் அவரைத் தனியாக விடாமல், அவர் பக்கத்தில் உட்கார்ந்தே 14416-ஐ அழையுங்கள். அரசின் மனநல உதவி எண், கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம். எந்த நேரமும் ஒருவர் எடுப்பார்.